எட்டுக்கு நாலு

திறப்பு விழா என்றால் எட்டுக்கு நாலு.
கடை வாடகைக்கு என்றால் இரண்டுக்கு ஒன்றரை.
அஸ்தம்பட்டியில் பதினோரு வருஷமாக ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன்.
ஒரு கடையின் ஆயுளைச்
சதுர அடியில் சொல்லிவிடுவேன்.

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து
ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வந்தார் சென்றாயன்.
பெங்களூரில் யாருடைய கல்லிலோ
பதினெட்டு வருஷம் தோசை ஊற்றியவர்.
தன் பெயர் வேண்டாம், மாதம்மாள் டிபன் என்று போடுங்கள் என்றார்.
பக்கத்தில் நின்ற மாதம்மாள்
"கடைசி ளன்னாவை விட்டுறாதீங்க" என்றாள்.
அவ்வளவுதான் அவள் பேசியது.

இரண்டாம் நாள் காலை போனேன்.
தோசை கல்லைவிட்டு வர மாட்டேன் என்றது.
கிழிந்ததை மடித்து, கிழிசலை உள்ளே மறைத்து
இலையில் வைத்தார்.
நான் மடிப்பைப் பிரித்துப் பார்க்கிற ஆள்.
சாம்பார் உப்புக் கரித்தது.
மேட்டூர்த் தண்ணி வராத நாள், லாரியில் வந்த போர்த் தண்ணி.
அது பிற்பாடு தெரிந்தது.
அன்றைக்குத் தெரிந்தது
என் ஐம்பது ரூபாய்.

"அந்தப் புதுக் கடை எப்படிங்க?"
காதுகுத்து பேனருக்கு வந்த கன்னங்குறிச்சிக்காரர் கேட்டார்.
எதிர் டீக்கடை கேட்டது. என் மச்சினன் கேட்டான்.
கண்ணீர் அஞ்சலிக்குப் படம் கொண்டுவந்த
இரண்டு பேரும் கேட்டார்கள்.
எல்லோருக்கும் ஒரே சொல்:
"வேஸ்ட்."
துக்க வீட்டுக்காரர்கள்கூடத் தலையாட்டிக்கொண்டார்கள்.

புதுக் கல் அப்படித்தான்.
என் வீட்டில் வாங்கிய கல்லுக்கு
வெங்காயம் தேய்த்து, எண்ணெய் காட்டி,
முதல் ஒன்பது தோசையைப் பேசாமல் பிய்த்துத் தின்றோம்.
யாரும் சமையலறைக்குப் பூட்டுப் போடவில்லை.
என் மெஷினும்தான்,
வந்த மாதம் ஒரு கல்யாணப் பெண்ணை
நீலமாக அடித்துக் கொடுத்தது.
அந்தப் பெண் வீட்டார் இன்றைக்கும் என் கஸ்டமர்.

இருந்தாலும் ஒன்று.
அவர் கல் பழக என் காசா?
எட்டரை மணிக்கு பஸ் பிடிக்கிறவனின் வயிறு
ஆவணிக்கும் கார்த்திகைக்கும் வித்தியாசம் பார்க்காது.
இதையும் நானேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்,
மறுப்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில்.
ஐந்து ரோட்டில் ஏ.சி. போட்டுத் திறந்த கடையை
முதல் நாளே "அட்டகாசம்" என்றதும் இதே வாய்.
அங்கே இப்போது நேற்றைய குருமா.
அந்தத் தீர்ப்பையும் நான் திருத்தவில்லை.

கார்த்திகையில் ஒருநாள்,
ஏற்காடு மலை முழுசாக மேகத்துக்குள் போய்விட்ட மத்தியானம்,
மழைக்கு ஒதுங்கினேன். கரண்ட் இல்லை.
நாலு மேசைக்கு நான் ஒருவன்.
சட்டுவத்தை நுழைத்ததும்
தோசை தானாக எழுந்து வந்தது.
மடிக்கவில்லை அவர். விரித்தே வைத்தார்.
இன்னொன்று கேட்டேன். இன்னொன்று.

மறுநாளிலிருந்து வருகிறவனிடமெல்லாம் சொன்னேன்.
"நீங்கதானே வேஸ்ட்னீங்க?" என்றார்கள்,
ஏதோ நான் கமிஷன் வாங்கிவிட்டதைப் போல.

தையில் சென்றாயன் வந்து
இரண்டுக்கு ஒன்றரை என்றார்.
அளவு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
காசு வேண்டாம் என்றேன்.
கல்லாவில் மிச்சமிருந்த பத்து ரூபாய்க் காசுகளை
ஒவ்வொன்றாக என் மேசையில் எண்ணி வைத்தார்.
பாத்திரங்கள் லோடு ஆட்டோவில் போயின.
கல்லை மட்டும் மாதம்மாள்
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
சேலையில் கரி ஒட்டியது.
தட்டிவிடவில்லை.

பங்குனியில் அதே இடத்தில் ஷவர்மா.
எட்டுக்கு நாலு, பளபளக்கிற பேப்பரில்.
இரண்டாம் நாள் போனேன், வேறென்ன செய்ய.
கறி ஓரத்தில் வேகவில்லை.
அடுக்கி நிறுத்திய பையனுக்குக் கை நடுங்கியது.

கடைக்குத் திரும்பினால்
கன்னங்குறிச்சிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.
"புதுக் கடை எப்படிங்க?"

இன்னும் சாப்பிடலைங்க என்றேன்.
இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும்
கையில் பூண்டு வாசம் போகவில்லை.